வெடிக்குமா? குறியில் படுமா?

பெரிய மனிதர் ஒருவர் மறைந்தால் 'குண்டுகள் முழங்க அரசு மரியாதை' என்று மறுநாள் செய்தித்தாளில் வரும். தொலைக்காட்சியிலும் பார்த்திருப்பீர்கள். காவலர்கள் வரிசையாக நின்று துப்பாக்கியை வானத்தை நோக்கி உயர்த்துவார்கள், ஒரே நேரத்தில் வெடிக்கும். பிறகு எல்லோரும் துப்பாக்கியின் பக்கவாட்டுப் பிடியைக் கையால் இழுத்து விடுவார்கள். மறுபடி வெடிக்கும். மூன்று சுற்று முடிந்ததும் எக்காளம் ஊதுவார்கள்.

இதைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகள் எழும். ஒன்று, தானாகவே அடுத்த தோட்டாவை நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கியை ஏன் கையால் இழுக்கிறார்கள்? இரண்டாவதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அந்த நேரத்தில் வெடிக்காமல் போனால்?

அப்படி ஒருமுறை நடந்தது. பீகாரின் முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ரா 2019 ஆகஸ்டில் மறைந்தார். சுபோல் மாவட்டத்தில் அவருடைய சொந்த ஊரில் இறுதிச் சடங்கு. முதல்வர் நிதீஷ் குமார் நேரில் வந்திருந்தார். காவலர்கள் 22 துப்பாக்கிகளை உயர்த்தினார்கள், கட்டளை வந்தது, விசையை அழுத்தினார்கள். ஒன்றுகூட வெடிக்கவில்லை. கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்ததால் நாடே பார்த்தது, சிரித்தது. துப்பாக்கியை எப்படிச் சோதிப்பது என்பதற்கு அந்தக் காட்சி நல்ல பாடம் என்பதால் சிரிப்பை ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்குப் பார்ப்போம்.

22 தடவை பூ விழுமா?

அந்த 22 துப்பாக்கிகளும் பராமரிப்பே இல்லாதவை, இரண்டு முறை அழுத்தினால் ஒருமுறைதான் வெடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அத்தனை மட்டமான துப்பாக்கி எந்தக் காவல் நிலையத்திலும் இருக்காது. இருந்தாலும் 22-ம் ஒருசேர வெடிக்காமல் போவதற்கான வாய்ப்பு, நாணயத்தை 22 தடவை சுண்டி அத்தனை தடவையும் பூவே விழுவதற்குச் சமம். அது 41,94,304-ல் ஒன்று. பத்தில் ஒருமுறை மட்டுமே தவறும் துப்பாக்கிகள் என்றால் 1-க்குப் பின் 22 சுழியம் போட்ட எண்ணில் ஒன்று.

ஆகவே 'துப்பாக்கிகள் பழசு' என்ற பதில் கணக்குக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கெட்டிருந்தால் சில வெடித்திருக்கும், சில வெடித்திருக்காது. எல்லாமே ஊமையானால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்றைத் தேட வேண்டும். துப்பாக்கி 22 இருக்கலாம், தோட்டாப் பெட்டி ஒன்றாக இருக்கலாம். அந்தப் பெட்டி எத்தனை மழைக்காலம் எந்த மூலையில் கிடந்தது என்று விசாரிப்பதே முதல் வேலை. பொறியாளர்கள் பேச்சில் இதைப் பொதுக்காரணப் பழுது எனலாம். விமானத்துக்கு இரண்டு எஞ்சின் இருந்தும், இரண்டுக்கும் ஒரே தொட்டியிலிருந்து கலப்பட எரிபொருள் போனால் இரண்டாவது எஞ்சினால் பயனில்லை.

துப்பாக்கியைச் சோதிக்கிறவர் மனதில் முதலில் பதிக்க வேண்டியது இதுதான். அவர் சோதிப்பது துப்பாக்கியை மட்டுமல்ல. துப்பாக்கி, தோட்டா, மேகசின், எண்ணெய், அன்றைய வெயில், சுடுகிறவர் தோள் எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டத்தை.

பத்தில் ஒரு வினாடியில் எட்டு வேலை

நம் காவல்துறையில் வெகுகாலம் புழங்கியது எஸ்.எல்.ஆர். என்ற துப்பாக்கி. 1962 சீனப் போருக்குப் பிறகு மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் உருவானது, பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்துத் துப்பாக்கியின் வழியில் வந்தது. 7.62 மில்லிமீட்டர் குண்டு, மேகசினில் 20 தோட்டா. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு போகும், அடுத்த தோட்டா தானே ஏறி நிற்கும், மறுபடி சுட விரலை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். இந்த வகைக்கு அரைத் தானியங்கி என்று பெயர்.

உள்ளே நடப்பது இது. அடிமுள் தோட்டாவின் அடியில் தட்டுகிறது. அங்கிருக்கும் பிரைமர் பொறியைக் கிளப்பி மருந்தைப் பற்றவைக்கிறது. புகைவாயு குண்டைக் குழலுக்குள் தள்ளுகிறது. குழலின் நடுவழியில் ஊசித்துளை போல ஒரு துளை. குண்டு அதைக் கடந்ததும் வாயுவில் ஒரு சிட்டிகை அந்தத் துளை வழியே பிரிந்து ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன், தோட்டா இருக்கும் அறையை மூடியிருக்கும் போல்ட்டைத் தட்டித் திறக்கிறது. பின்னோக்கிப் போகும் போல்ட் காலிக்கூட்டைக் கவ்வி இழுத்து வெளியே எறிகிறது. ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னே அனுப்புகிறது. வரும் வழியில் அது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை உருவி அறைக்குள் செருகிப் பூட்டுகிறது. எல்லாம் ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடிக்குள்.

முதல் கேள்விக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. மரியாதைக்குச் சுடுவது வெற்றுத் தோட்டா. அதில் மருந்து உண்டு, குண்டு கிடையாது. குழலை அடைத்துக்கொண்டு போக ஒன்றுமில்லாததால் வாயு நேராக வாய்வழியே ஓடிவிடுகிறது. பிஸ்டனைத் தள்ளும் அளவுக்கு அழுத்தம் சேர்வதில்லை. அதனால்தான் கையால் இழுக்கிறார்கள். பயிற்சிக்காகக் குழல் வாயில் ஓர் அடைப்பைத் திருகிவிட்டால் வெற்றுத் தோட்டாவிலும் தானாக ஓடும்.

அந்த ஒரு சிட்டிகை வாயு எவ்வளவு என்பதில்தான் வண்டியே ஓடுகிறது. குறைந்தால் போல்ட் பாதிவழியில் திரும்பிவிடும், காலிக்கூடு வாசலில் சிக்கும். கூடினால் போல்ட் பின்சுவரில் மோதி மோதி உறுப்புகள் தேயும், தோளில் உதையும் அதிகம். எஸ்.எல்.ஆரில் இதைக் கூட்டிக் குறைக்க எண் பொறித்த ஒரு சிறு வளையம் உண்டு. குறைவான வாயுவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, ஒழுங்காக ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கும் மேலே இரண்டு படி வைத்து நிறுத்துவார்கள். அந்த இரண்டு படிதான் நாளைய புழுதிக்கும் கரிக்கும் ஒதுக்கிய கையிருப்பு. இன்று சுத்தமாக ஓடுகிறது என்பது போதாது, அழுக்கானாலும் ஓட வேண்டும்.

எத்தனை குண்டு சுட்டால் நம்பலாம்?

சுடுதளத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு: "ஒரு மேகசின் முழுக்க ஓட்டிப் பார்த்தாச்சு சார், ஒரு ஸ்டாப்பேஜும் இல்லை." ஸ்டாப்பேஜ் என்றால் சுடும்போது இடையில் நின்றுபோவது. நாம் தடங்கல் என்போம். இருபது குண்டு, தடங்கல் சுழியம். நல்ல துப்பாக்கிதானே?

50 குண்டுக்கு ஒருமுறை சிக்கிக்கொள்ளும் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். காவலுக்கு அனுப்பத் தகுதியே இல்லாதது. அதில் ஒரு குண்டு ஒழுங்காகப் போக 98 சதவீத வாய்ப்பு. தொடர்ந்து 20 குண்டும் ஒழுங்காகப் போக? 98 சதவீதத்தை இருபது தடவை பெருக்கினால் 67 சதவீதம் வருகிறது. அதாவது மூன்றில் இரண்டு தடவை இந்த மட்டமான துப்பாக்கி உங்கள் ஒரு மேகசின் சோதனையில் முழு மதிப்பெண்ணோடு தேறிவிடும். 100 குண்டு சுட்டாலும் 13 சதவீதம் தப்பிக்க வழி உண்டு. 150-ல் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது. 300 சுட்டால்தான் அதன் குட்டு ஏறக்குறைய நிச்சயமாக உடையும்.

இதைத் தலைகீழாகத் திருப்பினால் நினைவில் வைக்கத்தக்க எளிய விதி ஒன்று கிடைக்கும். தடங்கலே இல்லாமல் எத்தனை குண்டு சுட்டீர்களோ, அந்த எண்ணால் மூன்றை வகுங்கள். துப்பாக்கியின் உண்மையான தடங்கல் விகிதம் அதற்கு மேல் இருக்காது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 300 சுத்தமான குண்டு என்றால் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகாது. 3,000 என்றால் ஆயிரத்துக்கு ஒன்று. வெறும் 20 என்றால் ஏறக்குறைய ஏழுக்கு ஒன்றாகக்கூட இருக்கலாம், நீங்கள் அதிர்ஷ்டசாலி, அவ்வளவுதான். புது மருந்தால் 20 நோயாளிகளில் யாருக்கும் பக்கவிளைவு வரவில்லை என்று விளம்பரம் வந்தாலும் இதே வகுத்தலைப் போடலாம்.

தோட்டா காசு கொடுத்து வாங்குவது. காவலர் ஒருவருக்குப் பயிற்சிக்குக் கிடைப்பதே எண்ணி எண்ணித்தான். ஆயிரக்கணக்கில் சுட்டுச் சோதிப்பதெல்லாம் திருச்சி நவல்பட்டுத் தொழிற்சாலை போன்ற இடங்களில், ஒரு மாதிரியை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கட்டத்தில் நடக்கும் வேலை. சுடுதளத்தில் நிற்கும் ஆயுதக்காப்பாளருக்கு அது கட்டுப்படியாகாது. அவர் கையில் உள்ள மலிவான கருவி ஒரு நோட்டுப் புத்தகம். இந்த எண்ணுள்ள துப்பாக்கி, இந்தத் தேதி, இத்தனை குண்டு, இந்தத் தொகுதித் தோட்டா, இந்த மேகசின், தடங்கல் இருந்ததா என்று ஐந்து வருடம் எழுதி வந்தால் யாரும் தனியாகச் செலவழிக்காமலே பல நூறு குண்டுச் சோதனை முடிந்திருக்கும். மேகசினுக்கும் எண் போட வேண்டும். துப்பாக்கி மேல் விழும் பழியில் கணிசமான பங்கு வளைந்த உதடும் தளர்ந்த ஸ்பிரிங்கும் உள்ள மேகசினுக்குப் போக வேண்டியது.

ஏழாவது தோட்டா

எத்தனை தடவை நின்றது என்று எண்ணினால் போதாது, எங்கே நின்றது என்றும் எழுத வேண்டும். ஏன் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல கதை உண்டு.

ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் ஜான் காரண்ட் பல வருடம் செதுக்கிய அரைத் தானியங்கித் துப்பாக்கியை 1936-ல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்டது. எட்டுத் தோட்டாக்கள் ஒரு தகட்டுக் கவ்வியில் செருகி ஒரே அமுக்கில் உள்ளே போகும். சோதனைகளில் நன்றாகவே தேறியது. ஆலையில் உற்பத்தி தொடங்கிப் படைகளிடம் போனபின் புகார் வந்தது: சிக்குகிறது. தடங்கல்கள் அங்குமிங்குமாகச் சிதறியிருந்தால் 'அழுக்கு', 'பழக்கமின்மை' என்று சொல்லித் தட்டிக்கழித்திருப்பார்கள். ஆனால் குறிப்புகளைப் பார்த்தபோது அவை ஏழாவது தோட்டாவில் வந்து குவிந்திருந்தன. ஆறு ஒழுங்காகப் போகும், ஏழாவது தலையைத் தூக்கிக்கொண்டு சிக்கும்.

இப்படி ஓர் இடத்தில் குவிந்தால் அது தற்செயல் அல்ல, வடிவத்தில் ஏதோ பிழை. தேடியதில் கிடைத்தது அற்பமான ஒன்று. சோதனைக்காக மாதிரிப் பட்டறையில் செய்த துப்பாக்கிகளில் தோட்டாக் கவ்வியை நேராகப் பிடித்து வைக்கும் ஒரு சிறு விளிம்பு இருந்தது. ஆலையில் கடைசல் வேலை சுலபமாகட்டும் என்று யாரோ நல்லெண்ணத்தில் அதன் ஒரு பகுதியைச் சீவிவிட்டிருந்தார்கள். தேறியது ஒரு துப்பாக்கி, உற்பத்தியானது வேறொன்று. விளிம்பைத் திரும்ப வைத்ததும் ஏழாவது தோட்டா வழிக்கு வந்தது.

இதன் அண்ணன் கதை அமெரிக்கப் படையின் எம்-16 துப்பாக்கியுடையது. அதில் ஆலை துப்பாக்கியை மாற்றவில்லை, தோட்டாவின் மருந்து மாறியது. 1960களில் வியட்நாம் போருக்குப் பெருமளவில் அனுப்பும் முன், குச்சி வடிவ மருந்துக்குப் பதில் உருண்டை வடிவ மருந்து வந்தது. அது கரியை அதிகம் சேர்த்தது, போல்ட்டை வடிவமைப்பாளர் எண்ணியதைவிட வேகமாக ஓட்டியது. குழலின் அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லாததால் ஈரமண்ணில் துரு பிடித்தது. போதாக்குறைக்கு, இதைச் சுத்தம் செய்யவே தேவையில்லை என்ற பேச்சு பரவி, துடைக்கும் கருவிகள்கூடச் சரியாகப் போய்ச் சேரவில்லை. கூட்டைக் குச்சியால் குத்தி எடுக்கும் முயற்சியில் வீரர்கள் செத்தார்கள். 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று விசாரித்துக் கடுமையாகக் கண்டித்தது. பழைய மருந்தில் பெற்ற சான்றிதழைப் புது மருந்துக்கும் சேர்த்து மாட்டிவிட்டார்கள் என்பதே அடிப்படைக் குற்றம்.

புதுச்சேரிக்காரர்கள் பிரான்சின் கொடி ஏந்திப் போன முதல் உலகப் போரிலேயே பிரெஞ்சுக்காரர்கள் அரைத் தானியங்கி ஒன்றை இறக்கிப் பார்த்தார்கள் என்பதை இங்கே சொல்லிவிடலாம். 1917 மாதிரி, எண்பதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். பதுங்குகுழிச் சேற்றில் அது பட்ட பாட்டைப் பார்த்து மறு வருடமே திருத்திய மாதிரியைக் கொண்டுவந்தார்கள். 

நூலாலையிலிருந்து சுடுதளத்துக்கு

வெடிப்பதைப் பார்த்தோம். இனி, படுவது.

துப்பாக்கியை மணல்மூட்டையில் அசையாமல் வைத்து, 100 மீட்டர் தூரத்து அட்டையில் ஒரே புள்ளியைக் குறிவைத்து ஐந்து குண்டு சுடுங்கள். ஐந்தும் ஒரே துளையில் போகாது. மருந்தில் இம்மியளவு வேறுபாடு, குழலின் அதிர்வு, குண்டின் எடை என்று பல சிறு காரணங்கள் சேர்ந்து துளைகளைப் பரப்பிவிடும். காவலர்கள் இதை குரூப் என்பார்கள். நாம் கொத்து என்று வைத்துக்கொள்வோம். மிகத் தள்ளியிருக்கும் இரண்டு துளைகளுக்கு இடையே அளவுகோலை வைத்து, 'ஒன்பது சென்டிமீட்டர் கொத்து' என்று சொல்வது வழக்கம். சுலபமான அளவு, ஆனால் ஏமாற்றுகிற அளவு.

இங்கே புதுச்சேரியில் எங்கள் முதலியார்பேட்டை உதவிக்கு வருகிறது. கடலூர் சாலையில் போகிறவர்களுக்கு ஏ.எஃப்.டி. ஆலையின் நெடுஞ்சுவர் தெரியும். 1898-ல் தொடங்கியது, ரோடியர் ஆலை என்று முந்தைய தலைமுறை சொல்லும், 2020-ல் மூடப்பட்டது.    நூற்பாலையில் வேலை பார்த்த பெரியவர்களிடம் கேட்டால் ஒன்று சொல்வார்கள்: ஒரு முழ நூல் தாங்கும் எடையை அதே கண்டிலிருந்து எடுத்த நூறு முழ நூல் தாங்காது. நூல் தன் மிக நைந்த இடத்தில்தான் அறும். நீளம் கூடக்கூட நைந்த இடம் ஒன்று அகப்பட்டுக்கொள்ளும் வாய்ப்பும் கூடும்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பருத்தி ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய புள்ளியியலாளர் எல். எச். சி. டிப்பெட் இந்த மாதிரிச் சிக்கல்களில் ஊறியவர். கூட்டத்தின் சராசரியை விட்டுவிட்டு அதன் இரு கடைக்கோடிகளைக் கவனித்தார். எடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை கூடினால் மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள இடைவெளி எப்படி விரியும் என்று 1925-ல் கணக்கிட்டு அட்டவணை போட்டார். கொத்தின் அகலம் என்பதும் இரண்டு கடைக்கோடிகளுக்கு இடையே உள்ள தூரம்தானே? அட்டையில் இடவலம், மேல்கீழ் என்று இரு திசை உண்டு என்பது மட்டுமே வேறுபாடு. அமெரிக்க இராணுவத்தின் எறியியல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஃபிராங்க் கிரப்ஸ் 1964-ல் துப்பாக்கிக்காரர்களுக்காக இந்தக் கணக்கை ஒரு சிறுநூலாகத் தொகுத்தார்.

ஒரு துப்பாக்கி, நான்கு அகலம்

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்த்துவிடுவோம். நம் துப்பாக்கியின் சிதறல், 100 மீட்டரில் ஒவ்வொரு திசையிலும் 3 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அதாவது, இடவலமாக மட்டும் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்குக் குண்டுகள் நடுக்கோட்டிலிருந்து 3 செ.மீ.க்குள் விழும். மேல்கீழாகவும் அப்படியே. படைத்துப்பாக்கிக்கு இது இயல்பான அளவுதான். இந்தச் சிதறல் துப்பாக்கியின் குணம், நாம் எத்தனை குண்டு சுட்டாலும் மாறாது.

மூன்று குண்டு சுட்டால் கொத்தின் அகலம் சராசரியாக 7.2 செ.மீ. ஐந்து சுட்டால் 9.2. பத்து சுட்டால் 11.4. இருபது சுட்டால் 13 செ.மீ.யைத் தாண்டும். துப்பாக்கி அதேதான், தோட்டா அதேதான், சுடுகிறவரும் அவரேதான். எத்தனை குண்டு என்று சொல்லாமல் 'ஏழு சென்டிமீட்டர் கொத்து' என்று மட்டும் ஒருவர் சொன்னால் அவர் ஒன்றுமே சொல்லவில்லை.

அதைவிட மோசமானது இன்னொன்று. 7.2 என்பது சராசரிதான். மூன்று குண்டுக் கொத்து அதிலிருந்து தாறுமாறாக விலகும். ஒருமுறை 4 செ.மீ., அடுத்தமுறை 11 செ.மீ. என்று வந்தாலும் வியக்க ஒன்றுமில்லை. பத்து முறை மூன்று மூன்றாகச் சுட்டு, மிகச் சிறிய கொத்துள்ள அட்டையை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போட்டால், 4 செ.மீ. துப்பாக்கி என்று ஊரெல்லாம் காட்டலாம். துப்பாக்கி விற்பவர்களின் விளம்பர அட்டைகள் இந்த வழியில் பிறக்கின்றன என்று நான் சந்தேகிப்பதுண்டு.

அகலம் ஏன் இவ்வளவு ஆடுகிறது? இருபது துளைகளில் கடைக்கோடி இரண்டை மட்டும் அளந்து மீதிப் பதினெட்டை வீணடிக்கிறோம், அதனால்தான். காசு கொடுத்துச் சுட்ட குண்டு ஒவ்வொன்றும் ஏதாவது சொல்ல வந்தது, அதைக் கேட்க வேண்டும். வழி எளிது. எல்லாத் துளைகளுக்கும் நடுமையத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு துளைக்கும் உள்ள தூரத்தை அளந்து சராசரி எடுங்கள். இதைச் சராசரி விலகல் தூரம் என்று சொல்லலாம். நம் துப்பாக்கிக்கு அது 3.8 செ.மீ. அளவில் வரும். ஐந்து சுட்டாலும் ஐம்பது சுட்டாலும் ஏறத்தாழ அதே விடைதான், சுடச்சுட விடை இறுகும், அகலத்தைப் போல விரிந்துகொண்டே போகாது. இரண்டு துப்பாக்கிகளில் எது மேல் என்று முடிவு செய்ய இதுதான் ஒழுங்கான தராசு. ஐந்து குண்டில் ஒன்று 8 செ.மீ., மற்றது 10 செ.மீ. கொத்துப் போட்டது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

காற்றையும் கவனிக்க வேண்டும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று இந்த 7.62 குண்டை 100 மீட்டரில் இரண்டரை செ.மீ. அளவுதான் தள்ளும். 300 மீட்டரில் அது 20 செ.மீ.க்கும் மேல். எங்கள் ஊரில் பிற்பகல் கடற்காற்று எழும்பும் நேரத்தில் சுட்டால் துப்பாக்கியைச் சோதிக்கிறோமா, வங்கக்கடலைச் சோதிக்கிறோமா என்று தெரியாது. வெயிலில் கிடந்த தோட்டாவில் மருந்து சற்று வேகமாக எரியும், குண்டு மேலே ஏறும். அதனால் காலையில், நிழலில் வைத்த ஒரே தொகுதித் தோட்டாவோடு, குழல் சூடேறாமல் இடைவெளி விட்டுச் சுடுவது நல்லது.

திருகியைத் தொடாதே

கொத்து சின்னதாக இருந்தும் புள்ளியைவிட்டுத் தள்ளி விழுந்தால் குறிமுள்ளைத் திருகிக் கொத்தின் மையத்தைப் புள்ளிக்குக் கொண்டுவரலாம். காவலர்கள் ஜீரோ பண்ணுவது என்பார்கள். இங்கே கெட்டிக்காரர்கள்தான் அதிகம் தவறுவார்கள். முதல் குண்டு 4 செ.மீ. இடப்புறம் விழுகிறது, உடனே 4 செ.மீ. வலப்புறம் திருகுவார். அடுத்தது மேலே விழுகிறது, கீழே திருகுவார். பார்க்க அக்கறையாகத் தெரியும்.

விளைவைக் கணக்கிட்டால் வேடிக்கை. முதல் குண்டு இடப்புறம் விழுந்தது குறிமுள்ளின் தவறல்ல, சிதறல். இல்லாத தவறைத் திருத்தியதால் இப்போது துப்பாக்கி உண்மையாகவே 4 செ.மீ. வலப்புறம் பார்க்கிறது. அடுத்த குண்டின் சொந்தச் சிதறல் அதன்மேல் ஏறிக்கொள்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் இப்படித் திருகிக்கொண்டே போனால் சிதறல் 41 சதவீதம் கூடிவிடும். நம் 3 செ.மீ. துப்பாக்கி 4.2 செ.மீ. துப்பாக்கியாகிவிடும். புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் ஆலை மேலாளர்களுக்கு ஒரு புனலையும் கோலிக்குண்டையும் வைத்து இதை நடத்திக் காட்டுவார். அவர் பார்வையில் துப்பாக்கி இல்லை, ஒவ்வொரு துண்டுக்கும் எந்திரத்தைத் திருகிக்கொண்டே இருந்த தொழிலாளர்கள் இருந்தார்கள்.

ஐந்து குண்டின் மையமே 1.3 செ.மீ. அங்கேயோ இங்கேயோ இருக்கலாம். பத்து குண்டு சுட்டு, மையம் கண்டு, ஒரே ஒருமுறை திருகி, கையைக் கட்டிக்கொண்டு இன்னொரு பத்து சுட்டுப் பார்ப்பதே சரி.

அட்டைக்கு வெளியே போனது

நம் எடுத்துக்காட்டுத் துப்பாக்கியில் மையத்திலிருந்து 9 செ.மீ.க்கு வெளியே விழுவது 90 குண்டில் ஒன்று. 12 செ.மீ.க்கு வெளியே, 3,000-ல் ஒன்று. இப்படியே போனால் அரை மீட்டர் விலகும் குண்டு பிரபஞ்சத்தின் ஆயுளுக்கும் வராது என்று கணக்கு சொல்லும். இந்த இடத்தில் கணக்கை நம்பக்கூடாது. மணல்மூட்டை மேல் வைத்த துப்பாக்கிக்குத்தான் அந்தச் சூத்திரம். விசையில் விரல் இருக்கும்போதே தும்முகிறவருக்கு, அட்டைக்கு முன்னால் ஒரு பாறையில் பட்டுத் தெறிக்கும் குண்டுக்கு, அது பொருந்தாது.

2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி சுடுதளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தளத்துக்கு வெளியே தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். மக்கள் கொதித்தார்கள், தளத்தை மூட வேண்டும் என்றார்கள்.

சுடுதளத்தின் ஆபத்து எல்லையைக் கொத்தின் அகலத்தை வைத்து வகுக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதற்கு வேறு கணக்கு உண்டு. எஸ்.எல்.ஆரின் குண்டு குழலைவிட்டு நொடிக்கு 840 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. காற்றே இல்லாத உலகில் 45 பாகைச் சாய்வில் சுட்டால் 72 கிலோமீட்டர் போய் விழும், அதாவது புதுச்சேரியிலிருந்து சுட்டால் சிதம்பரத்தைத் தாண்டும். காற்று அதைப் பிடித்து இழுத்து மூன்று, நான்கு கிலோமீட்டருக்குள் இறக்கிவிடுகிறது. எல்லை வகுக்கிறவர்கள் அந்தக் கடைசித் தூரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதோடு தெறிப்புக்கென இருபக்கமும் ஒரு கோணத்தைச் சேர்த்து வரைபடத்தில் விசிறி வடிவில் கோடு போடுவார்கள். அந்த விசிறிக்குள் வீடு இருந்தால், குண்டுகளை விழுங்கும் அளவுக்கு உயரமான மண்மேடோ மலையோ இலக்கின் பின்னால் நிற்க வேண்டும். குழலின் வாய் அந்த மேட்டுக்கு மேலே உயர முடியாதபடி சுடும் இடத்தில் கூரையும் தடுப்பும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அங்கே சுடக்கூடாது.